சிறுவாட்டுக் கணக்கு: நடத்தைப் பொருளாதாரத்தைக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வாசித்தல்

ஏழைகள் ஏன் திரும்பத் திரும்பத் தப்பான முடிவையே எடுக்கிறார்கள்? இந்தக் கேள்வியை வட்டிக்கு விடுகிறவரும் கேட்கிறார், பேங்க் மேனேஜரும் கேட்கிறார், கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது நம் தோழர்களும் கேட்கிறார்கள். ‘சோம்பேறிப் பயலுக’ என்பது முதலாமவரின் பதில். இரண்டாமவர் நிதி அறிவு போதவில்லை என்பார். நாம் பொய்ப் பிரக்ஞை என்கிறோம். மூன்றும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன: கோளாறு அந்த ஆளின் தலைக்குள் இருக்கிறது, வெளியிலிருந்து ஒருவர் போய் அதைச் சரிசெய்ய வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதில்தான் நமக்குள் சண்டை.

இந்தச் சண்டைக்குள் நான்காவதாக ஓர் ஆள் வந்து வெகுகாலமாகிவிட்டது. உளவியலும் பொருளாதாரமும் கைகோத்து உருவான நடத்தைப் பொருளாதாரம். இதை அமெரிக்கப் பல்கலைக்கழகச் சரக்கு என்று தள்ளிவிட நமக்கு வசதியாக இருக்கிறது. ஆனால் அதன் முக்கியமான களங்களில் சில விழுப்புரத்துக் கரும்பு வயல், கோயம்பேடு மார்க்கெட், சென்னையின் சைக்கிள் ரிக்‌ஷா ஸ்டாண்டு. நம் ஆட்களின் மனசை அளந்து எழுதப்பட்ட பிரதிகளை நாமே வாசிக்காமல் விடுவது என்ன நியாயம்? கம்பம் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு இவற்றை நான் வாசித்தவிதம்தான் இந்தக் கட்டுரை. பக்கத்தில் யாராவது உட்கார்ந்து ‘இது சரியாண்ணே’ என்று கேட்டால் என்ன சொல்வேன் என்ற நினைப்போடுதான் வாசித்தேன்.

முதலில் கோட்பாட்டைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1979இல் டேனியல் கானெமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் எழுதிய கட்டுரை ஒரு எளிய விஷயத்தைச் சொன்னது. நூறு ரூபாய் கிடைக்கும்போது வருகிற சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் போகும்போது வருகிற வலி பெரிது. ஆகவே மனிதர்கள் கணக்குப் புத்தகம் சொல்கிறபடி முடிவெடுப்பதில்லை. எல்லாவற்றையும் எடைபோட்டுத் தனக்கு அதிக லாபம் தருவதைத் தேர்கிற ‘பொருளாதார மனிதன்’ என்ற பொம்மை அதோடு ஆட்டம் கண்டது. 2002இல் கானெமனுக்கு நோபல். 2017இல் ரிச்சர்ட் தேலருக்கு. தேலரும் காஸ் சன்ஸ்டீனும் 2008இல் எழுதிய புத்தகத்தின் பெயர் ‘நட்ஜ்’, அதாவது முழங்கையால் லேசாக இடிப்பது. கட்டாயப்படுத்தாதே, தடை போடாதே, தெரிவுகளை அடுக்கிவைக்கிற விதத்தை மட்டும் மாற்று, ஜனங்கள் தாங்களாகவே நல்லதைத் தேர்ந்துகொள்வார்கள் என்பது வாதம். இந்திய அரசின் 2018-19 பொருளாதார ஆய்வறிக்கை இதற்கு ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கியது.

அடுக்கிவைப்பவர் யார், ‘நல்லது’ என்று தீர்மானிப்பவர் யார் என்று இங்கே உடனே கேட்டுவிட்டுக் கட்டுரையை முடித்துக்கொள்வது நம் பத்திரிகைகளில் வழக்கம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கரும்பு வயலுக்குப் போகவேண்டும்.

தமிழகத்தில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா போன செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஆனந்தி மணி, ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரும் 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகள். கரும்புக்காரனுக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பணம். ஆலை வெட்டு உத்தரவு கொடுக்கும் தேதி ஆளுக்கு ஆள் மாறும். ஒருவன் பணம் வாங்கிவிட்ட அதே வாரத்தில் பக்கத்து வயல்காரன் நகையை அடகு வைத்துக்கொண்டிருப்பான். ஆகவே மழை, திருவிழா, பருவம் என்று வேறு காரணம் சொல்லித் தப்பிக்க முடியாத ஒரு ஒப்பீடு கிடைத்தது. ஒரே விவசாயியை வெட்டுக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். முன்பு 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள், பின்பு 4 சதவீதம். முன்பு 99 சதவீதம் பேருக்குக் கடன், பின்பு 13 சதவீதம். பிறகு, எழுத்தறிவு தேவைப்படாத படப் புதிர்களைக் கொடுத்தார்கள். பத்துப் புதிரில் வெட்டுக்கு முன்பு சராசரியாக 4.35 சரி. வெட்டுக்குப் பின்பு 5.45.

அதே ஆள். அதே மூளை. நாலு மாதத்தில் யாரும் அவருக்கு நிதி அறிவு வகுப்பு எடுக்கவில்லை, விழிப்புணர்வுப் பிரச்சாரமும் செய்யவில்லை. கையில் காசு வந்தது, அவ்வளவுதான். கடனை நினைத்துக்கொண்டே இருப்பது மனசின் இடத்தை அடைத்துக்கொள்கிறது, மிச்சம் இருக்கிற கொஞ்ச இடத்தில் மற்ற முடிவுகளை எடுக்கவேண்டியிருக்கிறது என்பது அவர்கள் விளக்கம். அதே ஆண்டு முல்லைநாதனும் ஷஃபீரும் இதை ‘ஸ்கேர்சிட்டி’ என்ற புத்தகமாக விரித்தார்கள். இல்லாமை ஒரு சுரங்கம் மாதிரி. எதிரே தெரிகிற நெருப்பு மட்டும் பளிச்சென்று தெரியும், பக்கவாட்டில் வருகிறது எதுவும் தெரியாது.

கூடலூர்ப் பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருக்கிக்கொண்டு மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஒரு அம்மாளிடம் இந்த விஷயத்தைச் சொன்னேன். ஆராய்ச்சி என்று சொல்லவில்லை, சும்மா பேச்சோடு பேச்சாக. “இதச் சொல்றதுக்கு அமெரிக்காவுலருந்து வரணுமாண்ணே?” என்றார். “எனக்கு நாலு குழுவுல கடன் இருக்கு. திங்கக்கெழம ஒண்ணு, புதங்கெழம ஒண்ணு, வெள்ளிக்கெழம ரெண்டு. காயி எடுக்கையில கைதேன் எடுத்துக்கிருக்கும், மனசு தவணைலதேன் கெடக்கும். பச்சக்காயப் பறிச்சுட்டேன்னு கங்காணி சத்தம் போடுவான். வீட்டுக்கு வந்தா பய நோட்டக் கொண்டாந்து நீட்டுறான், கையெழுத்துப் போடும்மான்னு. என்னத்துல போட்டேன்னு எனக்கே தெரியாது.” ‘சயன்ஸ்’ இதழின் பக்கங்களைவிட இந்த நாலு வரியில் கூடுதல் தகவல் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கூலி வேலை, தோட்டத்துத் திட்டு, பிள்ளையின் படிப்பு மூன்றும் ஒரே தவணையின் கீழ் நசுங்குவதை ஆய்வு அளக்கவில்லை; அந்த அம்மாள் அளந்து வைத்திருக்கிறார்.

ஆனாலும் ஆய்வின் அரசியல் மதிப்பைக் குறைக்க நான் தயாராக இல்லை. ஏழை முட்டாளாக இருப்பதால் ஏழையாக இருக்கிறான் என்ற நூற்றாண்டுப் பேச்சை அது தலைகீழாகத் திருப்பிப்போடுகிறது. யாரையும் நாலு கடனுக்குள் தள்ளினால் அவரும் இப்படித்தான் கையெழுத்துப் போடுவார். கலெக்டர் ஆனாலும் சரி, கட்டுரை எழுதுகிறவன் ஆனாலும் சரி. சாதியின் பெயரால், ரத்தத்தின் பெயரால் ‘இவனுகளுக்குப் புத்தி அம்புட்டுத்தேன்’ என்று சொல்லப்படும் ஊரில் இது சின்ன விஷயமல்ல.

பிரச்சினை அடுத்த படியில் தொடங்குகிறது. இல்லாமை மனசை என்ன செய்கிறது என்று புத்தகம் முழுக்க எழுதுகிறவர்கள், இல்லாமையை யார் செய்கிறார்கள் என்ற இடத்தில் மௌனமாகிவிடுகிறார்கள். அந்தக் கரும்பு விவசாயிக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பணம் என்பதை அவர்கள் மழை வெயில்போல இயற்கையாக எடுத்துக்கொண்டார்கள். வெட்டு உத்தரவு ஆலையின் கையில். எடைமேடை ஆலையின் கையில். பட்டுவாடா ஆலையின் கையில். தமிழகத் தனியார் ஆலைகள் 2013-14 முதல் 2016-17 வரையான பருவங்களுக்கு மாநில அரசு பரிந்துரைத்த விலையைக் கொடுக்காமல் நிலுவை வைத்ததும், விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடியதும், 2018இல் அந்த விலைமுறையையே எடுத்துவிட்டு வருவாய்ப் பங்கீட்டு முறை வந்ததும் ஊரறிந்த கதை. பத்துக்கு 4.35 என்ற மதிப்பெண்ணை யாருடைய பெயரில் எழுதுவது? விவசாயியின் மூளைக்குள் ஒரு எண் இறங்குகிறது என்றால், வேறு எங்கோ ஒரு பேரேட்டில் ஒரு எண் ஏறுகிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதாத விஞ்ஞானம் அரை விஞ்ஞானம்.

கோயம்பேட்டுக் கதையை எடுத்துக்கொள்வோம். காய், பழம் விற்கிற ஒரு பெண் காலையில் ஆயிரம் ரூபாய் வாங்குகிறார், மாலையில் ஐம்பது ரூபாய் சேர்த்துத் திருப்பிக் கட்டுகிறார். நாளைக்கு ஐந்து சதவீதம். மறுநாள் காலையில் மறுபடியும் ஆயிரம். இதில் ஒரு கணக்கு உண்டு: தினமும் ஐந்து ரூபாய் மட்டும் மிச்சம்பிடித்து, அந்த அளவுக்குக் கடனைக் குறைத்துக்கொண்டே வந்தால், மிச்சமாகும் வட்டியையும் சேர்த்து ஐம்பது நாளில் கடனே தேவைப்படாது. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. ஒரு டீயைக் குறைத்தால் போதும். அப்புறம் ஏன் செய்வதில்லை?

டீன் கார்லன், முல்லைநாதன், பெஞ்சமின் ராத் மூவரும் கோயம்பேட்டிலும் பிலிப்பைன்ஸிலும் இப்படிப்பட்டவர்களின் கடனை மொத்தமாக அடைத்தே பார்த்தார்கள். பெரும்பாலானோர் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடனுக்குள் போய்விட்டார்கள். ஒன்றிரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், கடன் அடைக்கப்பட்டவருக்கும் அடைக்கப்படாதவருக்கும் வித்தியாசமே இல்லை. இதை வைத்து ‘பாத்தியா, கொடுத்தாலும் உருப்படாது’ என்று சொல்ல நிறையப் பேர் காத்திருக்கிறார்கள். ‘ஸ்கேர்சிட்டி’ அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் இளக்கம் இல்லை என்கிறது. இடுப்பில் சேலை இறுக்கமாகக் கட்டியிருந்தால் மூச்சுவிட இடம் இருக்காது இல்லையா, அந்த மாதிரி. ஒரு காய்ச்சல், ஒரு கல்யாணச் செய்முறை, ஒரு நாள் மழை வந்தால் போதும். மறுபடி வட்டிக்காரர் வாசல்தான். இங்கே நான் ஆசிரியர்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஒத்துப்போய்விட்டு ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறேன்: காய்ச்சலுக்கு அரசு ஆஸ்பத்திரி இருக்கிற தூரமும், மழை நாளுக்குக் கூலி இல்லாததும், எந்தச் சாதிக்காரருக்கு எந்த வாசலில் எத்தனை வட்டிக்குக் கிடைக்கும் என்பதும் அந்த இளக்கத்தின் பகுதிகள்தான். அவை உளவியலின் அட்டவணைக்குள் வருவதில்லை.

கந்துவட்டிக்கு எதிராகத் தமிழகத்தில் 2003இலேயே சட்டம் வந்துவிட்டது. 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில், மனு மேல் மனு கொடுத்து அலுத்துப்போன ஒரு குடும்பம் பிள்ளைகளோடு தீக்குளித்தது. அதைத் ‘தப்பான முடிவு’ என்ற தலைப்பின் கீழ் வைத்துப் பேசும் துணிச்சல் எந்தக் கோட்பாட்டுக்கும் வரக்கூடாது.

நடத்தையைச் சீர்திருத்துவது என்பது இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிய விருந்தாளி அல்ல. குற்றப் பரம்பரைச் சட்டம் 1914 முதல் மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்மேல் படிப்படியாகப் பாய்ந்தது. ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ராத்திரியில் ஸ்டேஷனில் போய்ப் படுக்கவேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதே காலத்தில் ‘கள்ளர் சீரமைப்பு’ என்ற பெயரில் பள்ளிக்கூடங்களும், பஞ்சாயத்துகளும், சிக்கனத்தைப் பழக்குவதற்கென்று கூட்டுறவுச் சங்கங்களும் வந்தன. ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் சேமிப்புப் புத்தகம். கம்பம் பள்ளத்தாக்கில் தங்கி ஆய்வு செய்து ஆனந்த் பாண்டியன் 2009இல் வெளியிட்ட ‘குரூக்கட் ஸ்டாக்ஸ்’ என்ற நூல் இந்த இடத்தைப் பற்றியதுதான். நல்ல நடத்தை என்பது ஒரு சமூகத்தின்மேல் எப்படிச் சுமத்தப்பட்டது என்பதோடு நிற்காமல், அந்த மக்களே உழவு, பாடு, மனசு பற்றிய தங்கள் சொற்களால் எப்படித் தங்களைப் பண்படுத்திக்கொண்டார்கள் என்பதையும் அது பேசுகிறது. இரண்டாவது பாதிதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. சீர்திருத்துகிறவன் வருவதற்கு முன்னாலும் ஜனங்கள் தங்கள் மனசோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மிஷேல் ஃபூக்கோ 1979 மார்ச்சில் பாரிஸில் ஆற்றிய உரைகளில், கேரி பெக்கரின் பொருளாதார மனிதனைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வருகிறது. சுற்றுப்புறத்தை மாற்றினால் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறவன். ஆகவே மிக நன்றாக ஆளப்படக்கூடியவன். கானெமன் - ட்வெர்ஸ்கி கட்டுரை வந்ததும் அதே ஆண்டு என்பது தற்செயல். ஆனால் பகுத்தறிவுள்ள மனிதனைச் சுற்றுப்புறத்தால் ஆளலாம் என்றால், பகுத்தறிவு சறுக்குகிற மனிதனை இன்னும் சுலபமாக ஆளலாம் என்ற முடிவுக்கு வந்துசேர முப்பது வருஷம் போதுமாயிருந்தது. ரேகை வைக்கச் சொன்ன அதிகாரத்துக்கும் லேசாக இடிக்கிற அதிகாரத்துக்கும் வித்தியாசம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. நிச்சயமாக இருக்கிறது, துப்பாக்கிக்கும் முழங்கைக்கும் உள்ள வித்தியாசம். இடிபடுகிற ஆளிடம் கேட்பது மட்டும் இரண்டிலும் இல்லை.

சரி, கேட்டால் என்ன சொல்வார்கள்? இங்கேதான் சிறுவாடு வருகிறது. மதுரை, தேனிப் பக்கத்துப் பெண்களுக்குச் சிறுவாடு என்றால் விளக்கம் வேண்டாம். கூலியிலிருந்து, பால் காசிலிருந்து, கோழி விற்றதிலிருந்து பத்தும் இருபதுமாக எடுத்து அரிசிப் பானைக்கு அடியில், அஞ்சறைப் பெட்டியில், பழைய சேலை மடிப்பில் ஒளித்துவைக்கிற காசு. புருஷனுக்குத் தெரியக்கூடாது, பாதி நேரம் தனக்கே தெரியாத மாதிரி இருக்கவேண்டும். தேலர் இதற்கு மனக்கணக்கு என்று பெயர் வைத்தார். பணத்துக்கு நிறமில்லை என்று பொருளாதாரம் சொன்னாலும், மனிதர்கள் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒவ்வொரு பெயர் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், அதனால்தான் அது செலவாகாமல் நிற்கிறது என்கிறார். அப்பத்தாவுக்கு நோபல் கொடுத்திருக்கலாம்.

ஏலச்சீட்டு, தீபாவளிச் சீட்டு, மொய் நோட்டு எல்லாமே இந்த வகைதான். காதுகுத்து, வசந்த விழா என்று பெயர்போட்டு பிளெக்ஸ் கட்டி, ஊரெல்லாம் எழுதிய செய்முறையை ஒரே நாளில் மொத்தமாக வாங்கி, அதை வைத்துக் கடனை அடைக்கிறவர்களை எனக்குத் தெரியும். தன் கையைத் தானே கட்டிக்கொள்கிற ஏற்பாடு; சிறுகச் சிறுக எழுதிவந்தது மொத்தமாகத் திரும்பி வருகிறது. இதை ரொமான்டிக்காகப் பார்க்க வேண்டியதில்லை. விழா வைக்க நாலு பேர் சொந்தம் வேண்டும், செய்முறை வாங்கினவன் திருப்பிச் செய்யாவிட்டால் மானம் போகும், தனியாக நிற்கிற பெண்ணுக்கு இந்த நோட்டில் இடம் குறைவு. சிறுவாடே, கட்டின புருஷனை நம்ப முடியாத வீட்டில் பிறந்த ஏற்பாடுதானே.

குடி விஷயத்தையும் இதே வெளிச்சத்தில் பார்க்கலாம். பிராங்க் ஷில்பாக் சென்னையில் 229 பேரிடம், பெரும்பாலும் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர்களிடம், மூன்று வாரச் சோதனை ஒன்று நடத்தினார். 2019இல் வெளியானது. பகலில் குடிக்காமல் வந்தால் காசு என்றதும் குடி குறைந்தது, சேமிப்பு ஏறக்குறைய 60 சதவீதம் கூடியது. அதைவிட முக்கியமானது: பாதிக்கு மேற்பட்டவர்கள், கையில் வரும் பணத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, குடிக்காமல் இருந்தால்தான் காசு என்ற நிபந்தனையையே எனக்குப் போடு என்றார்கள். கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறவரும், கார்த்திகையில் மாலை போட்டுக் கம்பம் குமுளி வழியாகச் சபரிமலைக்கு நடக்கிறவரும் செய்வது இதைத்தான். ஒரு மண்டலம் தன்னைக் கட்டிப்போடச் சொல்கிறார். வெளியே, 2003 முதல் சில்லறை விற்பனையைத் தன் கையில் எடுத்துக்கொண்ட அரசே கடையைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறது. கட்டிப்போடு என்று கேட்கிறவனுக்குக் கயிறு விற்க ஆளில்லை, சரக்கு விற்கத்தான் ஆளிருக்கிறது.

ஜனங்களின் இந்த ஏற்பாடுகளுக்கு அரசு கொடுத்த மரியாதையை 2016 நவம்பர் 8 ராத்திரி பார்த்தோம். ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்றதும் பானைக்கடியிலிருந்த சிறுவாடு வெளியே வந்தது. வரிசையில் நின்றவர்களில் பலர் வாழ்நாளில் முதன்முதலாக, இத்தனை வைத்திருந்தேன் என்று புருஷனிடமும் மகனிடமும் சொல்ல வேண்டிவந்தது. நோட்டு மாறிவிட்டது. ஒளிவு திரும்பவில்லை. பல ஆண்டுகள் கட்டிய ஒரு தற்காப்பு ஒரே வாரத்தில் கலைந்ததைப் பற்றி, நடத்தைப் பொருளாதாரத்துக்குத் தனி அத்தியாயம் எழுதியவர்கள் ஒரு பாராவாவது எழுதியிருக்க வேண்டாமா?

ஏழைகளை மட்டுமே சோதனைத் தட்டில் வைப்பதும் ஒரு அரசியல்தான். தலைக்குள் சறுக்கல் எல்லோருக்கும் உண்டு. ஏலக்காயை எடுத்துக்கொள்வோம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் அடிபட்டன. வரத்துக் குறைந்து, 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ ஏழாயிரம் ரூபாய் வரை போனது. போடியிலும் கம்பத்திலும் அந்த நாட்களில் பேச்சே வேறாக இருந்தது. கடன் வாங்கித் தோட்டம் குத்தகைக்கு எடுத்தவர்கள் எத்தனை பேர்! இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. இறங்க இறங்கக் காயைப் பிடித்துவைத்தவர்கள் உண்டு. இரண்டாயிரத்துக்கு விற்பது அவர்களுக்கு ஐயாயிரம் நஷ்டமாகத் தெரிந்தது, உற்பத்திச் செலவோடு வைத்துப் பார்த்தால் லாபமாக இருந்தபோதும். கானெமன் சொன்ன இழப்பின் வலி அச்சு அசலாக இதுதான்: மனசு ஏழாயிரத்தில் ஆணியடித்து நின்றுவிட்டது. பெரிய முதலாளிகளின் ஸ்டோரிலும் மூட்டை தேங்கத்தான் செய்தது. ஆனால் அவர்களுக்கு நிதி அறிவு வகுப்பு எடுக்க யாரும் வரவில்லை. அவர்களின் சறுக்கலுக்கு ‘மார்க்கெட் நிலவரம்’ என்று பெயர். சறுக்கல் சமம், சறுக்கினால் விழுகிற பள்ளத்தின் ஆழம்தான் வேறு.

பன்னீர்த் திராட்சையில் இந்தப் பள்ளம் இன்னும் கண்ணுக்குத் தெரியும். ஏலக்காயை மூட்டை கட்டி வைக்கலாம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் திராட்சையை வைக்க முடியாது. மழை வந்தால் பழம் வெடிக்கும். சுருளிப்பட்டிப் பந்தலில் நிற்கிற சம்சாரிக்கு, கவாத்துக்கும் மருந்துக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரி சொல்கிற விலைதான் விலை. ‘பொறுத்து விற்றால் லாபம்’ என்று அவருக்குப் பாடம் சொல்கிறவர் பொறுப்பதற்கான பந்தலைப் போட்டுத்தரவும் வேண்டும்.

இத்தனை சொன்னபிறகு, இதில் நமக்கு உதவுவது ஏதுமில்லையா என்றால், இருக்கிறது. அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இந்தத் துறையின் பிரகாசமான முடிவுகளை அப்படியே நம்பக்கூடாது. தெல்லவிக்னாவும் லினோஸும் 2022இல், அமெரிக்காவில் அரசு நிறுவனங்களோடு சேர்ந்து இரண்டு அமைப்புகள் நடத்திய 126 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆய்விதழ்களில் வெளியான சோதனைகளில் சராசரி விளைவு 8.7 சதவீதப் புள்ளி என்றால், களத்தில் கிடைத்தது 1.4. நேர்மை பற்றிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையே புள்ளிவிவர மோசடிக்காக 2021இல் திரும்பப் பெறப்பட்டது. இல்லாமை பற்றிய இருபது ஆய்வுகளைத் திரும்பச் செய்துபார்த்தபோதும் பெரும்பாலானவை பழைய முடிவைத் தரவில்லை. கரும்பு வயலில் கண்டது எனக்கு இன்னும் நிற்கிற மாதிரித்தான் தெரிகிறது, அந்த ஒப்பீட்டின் அமைப்பு உறுதியானது. இருந்தாலும் ஒரு ஆய்வு ஒரு ஆய்வுதான்.

உதவக்கூடியதாக எனக்குப் படுவது மனசைத் திருத்தச் சொல்லும் ஆய்வுகளல்ல, தேதியைத் திருத்தச் சொல்லும் ஆய்வுகள். எரிக்கா ஃபீல்டும் ரோகிணி பாண்டேயும் கூட்டாளிகளும் கொல்கத்தாவில் நுண்கடன் வாங்கிய பெண்களில் ஒரு பகுதியினருக்கு வாரத் தவணையை மாதத் தவணையாக மாற்றிப் பார்த்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி, மாதத் தவணைக்காரர்களில் தவணையை நினைத்துக் கவலைப்படுவதாகச் சொன்னவர்கள் 51 சதவீதம் குறைவு. எந்த வகுப்பும் இல்லை, உபதேசமும் இல்லை. காலண்டர் மாறியது. ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிகளின்படி ஒரு குடும்பத்தின் மொத்தக் கடன் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. நாலு குழுவில் கட்டுகிற பெண்ணிடம் உட்கார்ந்து அந்தக் கூட்டலைப் போட்டுப் பார்ப்பது நமக்கு ஒரு சாயங்கால வேலை. வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்க 2025இல் தமிழக அரசு ஒரு சட்டமும் போட்டிருக்கிறது. அதைத் துண்டுப் பிரசுரமாக அடித்துத் திங்கட்கிழமை காலையில் கொடுத்துப் பயனில்லை. தவணைக்காரர் வாசலில் நிற்கும்போது யாரும் எதையும் வாசிப்பதில்லை. கூலி கைக்கு வந்த அன்றைக்குச் சாயங்காலம் கொடுக்கவேண்டும்.

புதுக் கடனுக்கு அன்றைக்கே கையெழுத்து வாங்குவதை எதிர்த்து, மூணு நாள் அவகாசம் வேண்டும் என்று குழுக்களே விதி வைக்கலாம். பழைய கடன் முடியுமுன்னே அதன்மேல் புதுக் கடன் ஏற்றித்தருவது இப்போது கேட்காமலே நடக்கிற காரியமாக இருக்கிறது. அது, கேட்டால் மட்டும் நடக்கிற காரியமாக மாறவேண்டும். தெரிவுகளை அடுக்கிவைக்கும் கலையை நிறுவனங்கள் தேலரை வாசிக்காமலே கற்றிருக்கின்றன. நாம் வாசித்தாவது கற்றுக்கொள்ளலாம்.

மாதத் தவணை விஷயத்தை உத்தமபாளையம் பக்கம் ஒரு குழுவில் பேசிப் பார்த்தோம். எல்லோரும் சந்தோஷப்படுவார்கள் என்றுதான் உடன் வந்த தோழர் எதிர்பார்த்தார். சிலர் வேண்டும் என்றார்கள். ஒருத்தர் எழுந்து, “மாசத் தவணைன்னா மாசம் பூராம் அந்தக் காசு வீட்ல இருக்கணும்ல தம்பி? எங்க வீட்டுக்காரரு கண்ணுல படாம அத எங்குட்டு வைக்க? வாரத்துல கட்டிப்புட்டா அவருகிட்டருந்து தப்பிச்சிருச்சுன்னு அர்த்தம்” என்றார். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். தோழரிடம் பதில் இல்லை, கொல்கத்தா ஆய்விலும் இல்லை. பிறகு அவர்களே பேசி, யாருக்கு வாரம், யாருக்கு மாதம் என்று அவரவர் சொல்லட்டும், சனிக்கிழமைக் கூலிக்கு மறுநாள் வசூல் வைத்துக்கொள்ளட்டும் என்று மனு எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவு என்று பதில் வந்திருக்கிறது.